திரும்பிப் போக ஒரு நல்ல நாள்

ரோஹிணியின் அம்மா இறந்த மறுநாள், இஸ்திரிக்காரர் அம்மாவின் புடவைகளைத் தேய்த்துக் கொண்டுவந்தார். கீழ்வீட்டு ருக்மிணி மாமி அவரை மாடி ஏறவிடவில்லை. தானே வாங்கித் தன் பீரோவில் வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து, அதில் ஒரு நூல் புடவையில் மாமி ரோஹிணியின் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது. அப்போதும் கண் கலங்கவில்லை. அம்மா போனதிலிருந்து அவளுக்குள் எதுவும் அசைவதில்லை.

ரோஹிணி வளர்ந்த கோர்படி ரயில்வே குடியிருப்பில் மாமிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கணவர் அனந்தராமன், பூஜை அலமாரி, பஞ்சாங்கம், அவ்வளவுதான். கல்யாணமாகிக் கனடா போயிருந்த ரோஹிணி உண்டாகியிருப்பது தெரிந்ததும் மாமிதான் போன் போட்டாள். "அந்தப் பனியில யாருடி உனக்கு வெந்நீர் போடுவா? தலைப்பிரசவம் இங்கதான். வந்துடு."

தை மாதம் அம்ருதா பிறந்தாள். மூன்றிலோ ஐந்திலோ, ஒற்றைப்படை மாதத்தில் புக்ககத்தில் கொண்டுவிட வேண்டும். மூன்றில் மாமிக்கு நாளே கிடைக்கவில்லை. ஐந்திலும் அஷ்டமி, கரிநாள் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். போட்டோவில் மட்டுமே மகளைப் பார்த்திருந்த நிர்மல் போனில் கேட்டான்.

"மாமி, உங்க பஞ்சாங்கத்துல எனக்குன்னு ஒரு நல்ல நாள்கூடவா இல்ல?"

"ஏழுல ஆடி வந்துடறது. ஒன்பதுல பாக்கலாம் மாப்ளே."

போவதும் இருப்பதும் ரோஹிணிக்கு ஒன்றாகவே இருந்தது.

ஒரு மத்தியானம் டிவியில் திமிங்கலமும் குட்டியும் நீந்தின.

"இங்கிலீஷ்ல என்னடி சொல்றான்?"

"குட்டி பொறக்கும்போது உடம்புல கொழுப்பு கம்மியாம். குளிர் தாங்காது. பிடிச்சுத் திங்க வர்றதுகளும் அந்தக் குளிர்க் கடல்ல ஜாஸ்தி. அதான் அம்மா வெதுவெதுப்பான கடலுக்கு வந்துடறது."

"இங்க அதுக்குச் சாப்பாடு?"

"அனேகமா ஒண்ணும் கிடையாது. பட்டினியோடதான் பால் கொடுக்கும்."

"ஐயோ பாவம். அப்பறம்?"

"குட்டி தேறினதும் கூட்டிண்டு திரும்பிப் போயிடும். சாப்பாடெல்லாம் அங்கதானே?"

மாமி வெகு நேரம் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சாங்கத்தை எடுக்கவில்லை. "நிர்மலுக்குச் சொல்லிடு. வர புதன்கிழமை ரொம்ப நன்னாருக்கு" என்றாள்.

அடுத்த வருஷம் மாமி காலமான செய்தி கனடாவுக்கு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை ரோஹிணி பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று கோர்படி வீட்டு வாசலில் டாக்ஸியில் ஏற்றிவிட்டபோது மாமி குழந்தையை அவள் மடியில் வைத்துச் சொன்னது இதுதான்:

"எனக்குப் போன் பண்றேன்னு இவள அழ விடாதே. பகவான் பாத்துப்பார். நீ போ."