புகையில்லாச் செம்பு

கதவைத் தட்டுவதற்கு முன்னால் அதன் தாழ்ப்பாளில், கைப்பிடியில் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு. "சரி, நீ அங்கேயே இரு" என்று அதனிடம் சொல்லிவிட்டு அழைப்பு மணியை அழுத்துவார். ஒட்டவில்லை என்றால் முகம் மலர்ந்துவிடும். தாழ்ப்பாள் பித்தளை! கைப்பிடி அலுமினியம்! கதவைத் திறக்கிற வீட்டுக்காரர், பழைய மிக்சியை வாங்க வந்த மனிதர் தம் வீட்டுத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நிற்பதைக் கண்டு திடுக்கிடுவார். "பயப்படாதீங்க, சும்மா விசாரிச்சுக்கிட்டு இருந்தேன்" என்பார் இவர்.

காந்தம் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. செத்துப்போன ஒரு ஸ்பீக்கரின் அடியிலிருந்து பெயர்த்தெடுத்த கறுப்பு வளையம். அதை நாடாவில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அதனால் நெஞ்சில் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு திருகாணி, ஒரு குண்டூசி, சில நாள் வீட்டுச் சாவி. பேருந்தில் நெருக்கியடித்து நின்றால் பக்கத்தில் நிற்பவரின் பைக் கொக்கி வந்து ஒட்டும். "ஒண்ணுமில்லைங்க, கொஞ்சம் பாசக்காரக் காந்தம்" என்று பிய்த்து விடுவார்.

பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள் நடுவில் அவருக்கு லிஃப்ட்டுக்காரர் என்று பேர். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட்டுக்குள், ஒரு மர ஸ்டூலில், பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். இப்போதும் யாராவது மூட்டையோடு எதிரே வந்தால் வாய் தானாக "மேலயா, கீழயா?" என்று கேட்டுவிடும். ஒரு நாள் அந்தக் கட்டடத்துக்கு, பொத்தானை அமுக்கினால் தானே போய்த் தானே வருகிற புது லிஃப்ட் வந்து சேர்ந்தது. "நான் இல்லாமயே போயிட்டு வருது பாருங்க, வெக்கங்கெட்டது!" என்று இன்றைக்கும் அங்கலாய்ப்பார். வேலை போன அன்று வீட்டுக்குப் போகாமல், பழைய லிஃப்ட்டைக் கழற்ற வந்த ஆட்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டாரைப் பிளந்தபோது உள்ளே செக்கச்செவேல் என்று செம்புக் கம்பி, சுற்றுச் சுற்றாக. இத்தனை வருஷம் தம் தலைக்கு மேலே இதுதான் சுழன்றுகொண்டிருந்ததா என்று வாய் பிளந்தவர்தான். ஒரு மூன்று சக்கர மிதிவண்டி, ஒரு தராசு, ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட். தொழில் ஆரம்பித்துவிட்டார்.

ஆரம்பத்தில் ஏமாறாத நாளே கிடையாது. செம்பு என்று நம்பி ஒரு மூட்டை வயரை வாங்கி வந்து அரத்தால் ஒரு இழு இழுத்தால், உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம்! மேலே மட்டும் செம்புப் பூச்சு. "மூஞ்சி நிறைய பவுடர் போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்கு" என்று அதைத் திட்டித் தீர்த்தார். வெளியில் ஏமாந்த கோபத்தை வீட்டில் காட்டினார். நின்றுபோன கடிகாரம், பேசாத ரேடியோ, சூடாகாத இஸ்திரிப் பெட்டி எல்லாம் கூடத்தில் குடல் சரிந்து கிடந்தன. ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறியையே அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். அவருடைய வீட்டம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்: "என்னைத்தான் இன்னும் கழட்டிப் பாக்கலை. அதுவும் என்னைக்கோ!"

அந்தச் சிரிப்புத்தான் இப்போது அந்த வீட்டில் இல்லை.

பழைய லிஃப்ட்டின் கேபிளே வினையாக வந்தது. கட்டடத்து மேனேஜர் இரக்கப்பட்டு, மிச்சமிருந்த கேபிளை எல்லாம் இவருக்கே கொடுத்துவிட்டார். கைத் தடிமனுக்கு ரப்பர். உள்ளே செம்பு. மேல்தோலை எப்படி எடுப்பது என்று தொழிலில் பழையவர்களிடம் கேட்டார். எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: கொளுத்து. வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவரை ஒட்டிக் குவித்துக் கொளுத்தினார். செம்பில் பற்றிய தீ பச்சை நிறத்தில் எழும்பியது. "பச்சை நெருப்பை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லைங்க. அப்படியே மயங்கி நின்னுட்டேன்" என்கிறார். நின்றார். கரும்புகை ஜன்னல் வழியாக உள்ளே போனதை அவர் பார்க்கவில்லை. இருமல் சத்தம் கேட்டது. அடுப்பில் ஏதோ கருகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அம்மாவுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. தூசி பட்டால் போதும், நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அது அவருக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாளிலிருந்து போர்வையை வெளியே கொண்டுபோய் உதறுகிறவர் அவர்தான். ஒட்டடை அடிப்பதும் அவர்தான். எல்லாம் தெரிந்த மனிதர் உள்ளே ஓடியபோது, வீட்டம்மா தரையில் உட்கார்ந்து மேஜைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

"திட்டியிருந்தா பரவாயில்லைங்க. திட்டறதுக்கு மூச்சு இல்லை அவளுக்கு."

பழைய சாமான் ஏற்றுகிற அதே மிதிவண்டியில், சாக்கின் மேல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனார். மூச்சு திரும்பி வந்தது. ஆனால் அந்த அம்மா வீடு திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே மகள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "உங்களுக்கு அந்தச் செம்புதான் பெரிசுன்னா அதோடயே குடும்பம் நடத்துங்கப்பா" என்றாள்.

அன்றிலிருந்து அவர் தீக்குச்சியைத் தொடுவது அடுப்புக்கு மட்டும்தான். சமையலறைச் சுவரைச் சுரண்டிக் கழுவி வெள்ளையடித்தார். கூடத்தில் கிடந்ததை எல்லாம் வீட்டின் பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகைக்கு மாற்றினார். ஒரு மரக்கட்டையில் கத்தியைப் பொருத்தி ஆணியடித்து, வயரை அதன் வழியே இழுத்துத் தோலுரிக்கப் பழகினார். சார்ஜர் வயர், இயர்போன் வயர் மாதிரி ஒல்லிப் பயல்களை பிளேடாலும் நகத்தாலும் உரிப்பார். நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு கைப்பிடி தேறும். "என்ன லிஃப்ட்டுக்காரரே, வயர் உரிக்கிறீங்களா, வெங்காயம் உரிக்கிறீங்களா?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்கிறான். உப்பிப்போன பேட்டரியை மணல் வாளியில் புதைத்து வைக்கிறார். பழைய டிவியின் கண்ணாடிக் குடுவையை உடைப்பதில்லை, முழுசாகவே கைமாற்றி விடுகிறார். மொத்தமாக வாங்குகிற பெரிய கடைக்காரர் அவருடைய செம்பை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தனிக் குவியலில் போடுகிறார். கருகாத செம்புக்கு மதிப்பு அதிகம். இதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட வேண்டும்தானே? "யார்கிட்டப் போய்ச் சொல்ல?" என்கிறார்.

வீட்டில் டீ போட்டால் இரண்டு டம்ளருக்குத்தான் கை போகிறது. இரண்டையும் அவரே குடிக்கிறார். போர்வையை இன்னமும் வெளியே கொண்டுபோய்த்தான் உதறுகிறார். ஒரு நாள் கட்டிலுக்கடியில் விழுந்த திருகாணியைத் தேடிக் காந்தத்தை இழுத்தபோது, தூசியோடு ஒரு கறுப்புக் கொண்டை ஊசி வந்து ஒட்டியது. அதை அவர் பிய்க்கவில்லை. இப்போது காந்தத்தின் ஒரு பக்கம்தான் தொழிலுக்கு. மறுபக்கம் அந்த ஊசிக்கு. "அண்ணே, ஏதோ ஊசி ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று யாராவது கை நீட்டினால், "தெரியும்" என்று நெஞ்சைத் திருப்பிக்கொள்வார்.

சாயங்காலம் அவரும் வீட்டம்மாவும் போன் பேசுவார்கள். பேச்சென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

"சாப்டியா?"

"ம்."

"ஏதாவது பேசேன்."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது. மழை வந்துச்சா, பேத்தி என்ன பண்றா, எதையாவது."

அந்த அம்மா பேசுவார். இவர் காதை அழுத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் இழுப்பின் அந்த மெல்லிய விசில் சத்தம் இருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்றால் நிம்மதியாகச் சாப்பிடுவார். இருந்தால் சோறு இறங்காது. ஒரு நாள் அந்த அம்மா கேட்டேவிட்டார்: "நான் பேசறதைக் கேக்கறீங்களா, மூச்சை எண்ணுறீங்களா?"

"மூச்சைத்தான்" என்றார்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அந்த அம்மா போனை வைக்கவில்லை.

அப்புறம் போன வாரம் மகளே கூப்பிட்டாள். "அம்மா நச்சரிச்சுக்கிட்டே இருக்காங்கப்பா. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். வந்து பாக்கறோம். அங்க நிக்கறப்ப அம்மாவுக்கு ஒரு இருமல் வந்துச்சு, அடுத்த பஸ்ஸுலயே திரும்பிடுவோம். அதுக்கப்புறம் வா வான்னு கேக்கக் கூடாது."

ஞாயிறு காலையில் அவர் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டு வாசலில் நின்றபோது, பின்பக்கக் காலி மனையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை வந்தது.

அந்த மனையில் ஒரு தம்பி புதிதாக இதே தொழிலை ஆரம்பித்திருந்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், வயர் மலைபோல் குவிந்திருக்கிறது. அடியில் டயர் துண்டு. அவன் கையில் தீப்பெட்டி.

"தம்பி, தம்பி! இன்னைக்கு வேண்டாம்பா."

"லாரி மத்தியானம் வருதுண்ணே. செம்பா ஏத்தணும்."

"வீட்டுல வர்றாங்கப்பா."

"யாரு?"

"வீட்டுல."

தம்பிக்குப் புரிந்தது. ஆனாலும் தலையைச் சொறிந்தான். "வரட்டும்ணே. ஜன்னலைச் சாத்திட்டு உள்ள உக்காரச் சொல்லுங்க. அரை மணி நேரம், அவ்வளவுதான்."

லிஃப்ட்டுக்காரர் திரும்பிக் கொட்டகைக்கு ஓடினார். மாதக்கணக்கில் நகம் தேய உரித்துச் சேர்த்த செம்பு, பளபளவென்று சாக்கில் கட்டிவைத்திருந்ததை, தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து அவன் காலடியில் போட்டார்.

"இதை ஏத்திக்க. அதைக் குடு."

தம்பி சாக்கைப் பிரித்துப் பார்த்தான். குவியலைப் பார்த்தான். "அண்ணே, உங்களுக்கு என்ன கிறுக்கா? என் வயர்ல பாதி நீங்க சொல்ற மாதிரி பவுடர் பூசினதுண்ணே. அலுமினியம்."

"தெரியும். குடு. இனிமே எப்ப வயர் வந்தாலும் எங்கிட்டக் கொண்டா, நான் உரிச்சுத் தர்றேன். கொளுத்தாதே. உன் கையைப் புடிச்சுக் கேக்கறேன்."

பிடித்தே விட்டார். தம்பி தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அந்தக் குப்பையை எல்லாம் இழுத்து வந்து கொட்டகையில் கொட்டியதில் இஸ்திரிச் சட்டை நாசம். மாற்று சட்டை தேட நேரமில்லை. சும்மா நிற்கவும் கை கேட்கவில்லை. மரக்கட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தார். கண் தெருவில் இருந்தது. தெரு முனையில் இரண்டு பேர் திரும்பியதும் கத்தி வழுக்கியது. கட்டைவிரலில் சுரீர் என்றது. முதுகுக்குப் பின்னால் கையை மறைத்துக்கொண்டு எழுந்தார்.

மகள் முன்னால் வந்தாள். வந்தவுடனே சோதனை அதிகாரி மாதிரி காற்றை முகர்ந்தாள். வீட்டம்மா பின்னால், மூக்கையும் வாயையும் மூடிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு. இளைத்திருந்தார். கண் மட்டும் தெரிந்தது.

"என்னப்பா இது, இவ்வளவு வயரு?" மகள் குரல் உயர்ந்தது. "மறுபடியும் எரிக்கப் போறீங்களா?"

"இல்லைம்மா. உரிக்கறதுக்கு."

"இதெல்லாத்தையுமா? யாரு நம்புவா?"

பின்பக்கச் சுவருக்கு மேலே தம்பியின் தலை எட்டிப் பார்த்தது. "அக்கா, நீங்கதானா அது? உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததில்லை. சொக்கச் செம்பை மூட்டையோட எனக்குத் தூக்கிக் குடுத்துட்டு, கொளுத்தக் கூடாதுன்னு என் குப்பையை வாங்கிட்டுப் போறாரு. கையைப் புடிச்சுக் கெஞ்சறாரு, பாக்கவே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"நீ சும்மா இருப்பா" என்று அவர் அதட்டினார்.

மகள் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தாள். வீட்டம்மா கொட்டகையைப் பார்த்தார். வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார். நாசமாகிப் போன சட்டையைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். அவர் காலுக்குப் பின்னால் சொட்டு சொட்டாகச் சிவப்பு.

"கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லை. லேசாத்தான்."

"காட்டுங்கன்னு சொல்றேன்ல?"

சின்னப்பிள்ளை மாதிரி நீட்டினார். அந்த அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, தான் மூச்சு விட மறந்து நின்றார்.

வீட்டம்மா முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து, ஒரு உதறு உதறி, அவருடைய கட்டைவிரலில் இறுக்கிச் சுற்றினார்.