ஈஸ்டர் தீவுக்கு இரண்டு ரிக்கற்

விமான ரிக்கற் விற்கிறவைக்கு உலகத்தில எல்லா ஊரும் தெரியும், ஒரு ஊரையும் பார்த்திருக்க மாட்டினம். தொண்ணூறுகளில நான் வெம்பிளியில ஒரு ரிக்கற் கடைக் கவுண்டரில இருந்தனான். ஒரு காதில ரெலிபோன், மற்றக் காதில சனத்தின்ர ஏச்சு. அந்தக் கதிரையில இருந்து பார்த்தவைக்கு நான் சொல்லுறது விளங்கும்.

வரைபடத்தில ஒரு புள்ளி

எங்கட கடைக்கு வாறவை கேட்கிறது ரெண்டு ஊர்தான்: கொழும்பு, இல்லாட்டில் சென்னை. ரெண்டுக்கும் விலை, நேரம், எத்தனை கிலோ எல்லாம் நித்திரையிலயும் சொல்லுவன். ஒருநாள் யூனிபோமோட பாலா அண்ணை வந்தார். ஊரில சரித்திர மாஸ்டர், இஞ்ச பஸ் டிரைவர். "ஈஸ்டர் தீவுக்கு ரெண்டு ரிக்கற்" எண்டார். அப்பிடி ஒரு தீவை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் தெரியாதெண்டு சொல்லுற பழக்கமும் எனக்கில்லை. சுவரில கொழுவியிருந்த உலகப்படத்தில, பசிபிக் கடலுக்குள்ள விரலால துழாவிக்கொண்டு நிண்டன். அவர் சிரிச்சார்.

"பிள்ளை, அது இருக்கிற இடம் எனக்குத் தெரியும். போற வழியைச் சொல்லு."

முழங்காலும் மலையும்

அங்க ஆளுயரத்தை விடப் பெரிய கற்சிலையள் நூற்றுக்கணக்கில நிக்குதாம். பழைய எரிமலையளும் இருக்காம். அதெல்லாம் நடந்து, ஏறிப் பார்க்கோணும் எண்டது பாலா அண்ணையின்ர இருவது வருச ஆசை. ஆனால் ஒண்டரை மாசத்தில அவருக்கு முழங்கால் ஒப்பரேசன். அதுக்குப் பிறகு மலை ஏறுறதை மறந்திடச் சொல்லி டொக்டர் சொல்லிப்போட்டார். இப்ப போகாட்டில் இனி இல்லை. "நான் அனுப்பி வைக்கிறன், யோசிக்காதேங்கோ" எண்டு வாக்குக் குடுத்தன். கூட வந்து பக்கத்தில இருந்த அவற்ற மனிசி ராணியக்காவுக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது.

"சிலை பார்க்க மூண்டு பிளேன் ஏறோணுமோ? இஞ்ச விம்பிள்டன் கோயில் பிள்ளையார் என்ன குறைஞ்சவரோ?"

நீலப் புத்தகம்

அகதியாய் வந்த எங்கட ஆக்களிட்ட அப்ப பாஸ்போட் இல்லை, நீல நிறத்தில ஒரு பயணப் புத்தகம்தான். அதோட எங்க போறதெண்டாலும் விசா வேணும். அந்தத் தீவு சிலி நாட்டுக்குச் சொந்தம் எண்டபடியால், சிலி விசாவை எடுத்துக் குடுத்திட்டுப் பெருமையாய் இருந்தன். வழியில பிளேன் மாறுற நாட்டுக்கும் விசா வேணுமெண்டதை மறந்தே போனன். எயார்போட்டில இருந்து பாலா அண்ணை ரெலிபோன் எடுத்தார், கவுண்டரில மறிச்சுப்போட்டாங்களாம். ஐயோ! வாற போற எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுச் சொல்லுற விசயத்தை நானே கோட்டை விட்டிட்டன்.

அடுத்தநாள் காலமை அவை ரெண்டு பேரையும், ஒப்பரேசன் திகதி போட்ட ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் கொண்டு அந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போனன். விசா தராமல் எழும்பமாட்டன் எண்டு இருந்திட்டன். பின்னேரம் முத்திரை குத்தினாங்கள். மூண்டு நாள் பிந்தி வேற பிளேனில இடமும் பிடிச்சன். வெளியால வந்ததும் எனக்கு அழுகை வந்திட்டுது. "நல்லாய் ஏசுங்கோ அண்ணை" எண்டன்.

"பஸ் பிந்தினதுக்கு நான் சனத்திட்ட எவ்வளவு வாங்கிக் கட்டியிருப்பன். உன்னை ஏச எனக்கு வாய் வருமே?"

கல்லுடைக்கிற இடம்

திரும்பி வந்த கிழமையே பாலா அண்ணை படங்களோட கடைக்கு வந்தார். ஒரு படத்தில ராணியக்கா குதிரைக்கு மேல இருந்து வாயெல்லாம் பல்லாய்ச் சிரிக்கிறா. இன்னொண்டில பாலா அண்ணை முழங்காலில துணியைச் சுத்திக்கொண்டு எரிமலை விளிம்பில நிக்கிறார். ஏறிப்போட்டார் மனிசன்!

அவர் கையில வைச்சுக்கொண்டிருந்தது வேற படம். சிலை செதுக்கின மலை. பாதி செதுக்கின சிலையள் இன்னும் பாறையோட ஒட்டினபடி படுத்திருக்கு, பக்கத்தில கல்லுளியள் போட்டது போட்டபடி கிடக்காம். அந்த இடத்தில ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தவராம். அப்பிடி அதில என்னத்தைக் கண்டனியள் எண்டு கேட்டன். அவருக்குக் கண் கலங்கீட்டுது.

"'ஏன் சேர், சிலையளைப் பாதியில விட்டிட்டுப் போனவை?' எண்டு ஊரில வகுப்புப் பிள்ளையள் கேட்க, பதில் தெரியாமல் முழிச்சனான். நானும் சண்டை வர, அவையின்ர திருத்தாத கொப்பியளை மேசையில வைச்சுப்போட்டு ஓடி வந்தவன்தானே பிள்ளை. அதில இருக்கேக்கதான் விளங்கினது."

அதுக்குப் பிறகு ஈஸ்டர் தீவுக்கு ரிக்கற் கேட்டு ஒரு குருவியும் எங்கட கடைப்பக்கம் வரேல்லை, வந்திருந்தால் ஒரு விசாவும் தவறாமல் நான் அனுப்பியிருப்பன்.