சாம்பிராணி காட்டிய மெத்தை

எங்கள் அம்மா கடைக்குப் போனால் வாயைத் திறக்கமாட்டாள். சேலைக் கடையில்கூட அப்பாவின் காதில்தான் சொல்வாள். அப்பா கடைக்காரரிடம் சொல்வார். அப்படிப்பட்ட அம்மா ஒருநாள் மாத்தளை மெயின் வீதியில், நாலு பேர் பார்க்க, ஒரு மெத்தையில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். வெட்கம் தாங்காமல் கடை வாசலில் தொங்கிய, கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

எல்லாம் தம்பிக்காகத்தான். அவனுக்கு மூச்சு இழுப்பு. பழைய பஞ்சு மெத்தையில் படுத்தால் தூசுக்கு நெஞ்சு விசிலடிக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பா மலிவாக ஒரு ஸ்பொஞ்ச் மெத்தை வாங்கிவந்தார். பளபளவென்று ரோஜாப்பூப் போட்டது. பிரித்ததுமே புதிதாகப் பெயின்ட் அடித்த வீடுபோல ஒரு நெடி. போகப் போகச் சரியாகிவிடும் என்றார் அப்பா. நெடி போகவில்லை, தம்பியின் இழுப்புத்தான் கூடியது. தூசு அடையாத, இப்படி நெடியும் அடிக்காத மெத்தையாகப் பாருங்கள் என்று கிளினிக்கில் டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லவில்லை. அம்மா தன் மூக்கை நம்பிக் கிளம்பிவிட்டாள்.

முதல் கடையில் பொலித்தீன் உறையைப் பிரிக்க விடவில்லை. அம்மா திரும்பி நடந்தாள். அடுத்த கடையில் நல்ல ரப்பர் பால் மெத்தை இருந்தது. விலைச் சீட்டைப் பார்த்த அப்பா, அண்ணாந்து அந்தக் கடையின் மின்விசிறியை ரொம்ப நேரம் ரசித்தார். அங்கிருந்தும் வந்துவிட்டோம். கடைசியாக, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு முஸ்லிம் நானாவின் சின்னக் கடை. நான் ஒளிந்துகொண்டது அங்கேதான்.

"என்ன தங்கச்சி, மோந்து பாக்குறீங்க, இது கருவாடா?" என்றார் நானா.

"புள்ள மூஞ்சிய வச்சுப் படுக்குறது இதுலதானே நானா. உள்ளுக்கு என்ன இருக்குனு காட்டுங்க."

அப்பாவே அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். நானா சிரித்துக்கொண்டே உறையின் சிப்பை இழுத்துக் காட்டினார். உள்ளே தேங்காய்த் தும்பு. சுருள் சுருளாக, ரப்பர் பால் தெளித்து இறுக்கியது. மேலே வெறும் பருத்தித் துணி. அம்மா மறுபடி மோந்தாள். ரப்பர் வாசம் கொஞ்சம் இருந்தது போலிருக்கிறது, யோசித்தாள். காற்றாட வைத்தால் அது போய்விடும், வெயிலில் மட்டும் போடவேண்டாம் என்றார் நானா. பெரியது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அம்மா கூட வந்திருந்த தம்பியைத் தூக்கி அதன்மேல் கிடத்தினாள். "இவன் அளவுக்கு அறுத்துக் குடுங்க. வளருற புள்ள, ரெண்டு சாண் கூட விடுங்க."

சட்டைக்கு அளவெடுப்பதுபோல மெத்தைக்கு அளவெடுத்ததை அன்றுதான் பார்த்தேன். வெட்கமெல்லாம் எங்கே போனதோ, நுளம்பு வலையை விட்டு வெளியே வந்து, இவள் என் அம்மா என்று தெரியும்படி அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

வாங்கிவந்த மெத்தை, ரப்பர் வாசம் போகக் கூடத்து ஜன்னலோரம் சாய்ந்து நின்றது. ஒருவரும் தொடக்கூடாது. அம்மா காலையில் எழுந்ததும் அதைத்தான் போய் மோந்து பார்ப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை, "இன்னைக்குப் படுக்கலாம்" என்றாள். தம்பி குதித்த குதியில் கூடமே அதிர்ந்தது.

அன்று பார்த்து மாத்தளைப் பக்கத்து நாலந்தாவிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. புது மெத்தையில் சும்மா படுப்பதா என்று நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டு, மாரியம்மன் படத்துக்குக் காட்டி, அப்படியே கொண்டுவந்து தம்பியை மெத்தையில் படுக்கவைத்துச் சுற்றினாள். கண்ணேறு கழியவேண்டுமாம். அத்தைக்குத் தம்பிமேல் உயிர், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அறை முழுக்கப் புகை. ஊரெல்லாம் மோந்து தேடிப்பிடித்த மெத்தைக்கு நாங்கள் செய்த மரியாதை அது.

தம்பி இரண்டு தரம் இருமினான். பிறகு இருமக்கூட மூச்சில்லை. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. உதடு ஒருமாதிரி நீலம் பூத்தது.

சமையலை விட்டு அம்மா குசினியிலிருந்து வந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு. சாம்பிராணிச் சட்டியில் தண்ணீரைக் கவிழ்த்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, மருந்துக் குழாயை அவன் வாயில் வைத்து அழுத்தினாள்.

"அம்மாளுக்குக் காட்டுன தணல அவிச்சிட்டியே" என்றாள் அத்தை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா."

"புள்ள மூச்சு விடட்டும் அண்ணி" என்றாள் அம்மா.

மாசி மகத் தேரில் அம்மன் வரும்போது கடைக் கூரைகளுக்கு மேலே தெரிவாள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். அன்று அம்மாவையும் எனக்கு அப்படித்தான் பார்க்கத் தோன்றியது. சாமிக்குக்கூடப் பயப்படாதவள். சுவரில் இருந்த படத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன், அம்மன் கண் அசைகிறதா என்று. அசையவில்லை. வாசலில் தம்பியின் மூச்சு மெல்ல மெல்ல இறங்கிவந்தது. அப்பா மெத்தையைத் தோளில் போட்டு, மறுபடி காற்றாட வைக்க எடுத்துப்போனார்.

உறையைத் துவைத்து, புகை வாசம் போகும்வரை வைத்திருந்து, பிறகுதான் தம்பி அதில் படுத்தான். நெஞ்சில் விசில் இல்லாமல் தூங்கினான். அத்தைகூட ஒருநாள் அதைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டியாத்தான் இருக்கு, ஆனா நல்லது என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு நடந்தே போனாள், செருப்பில்லாமல். தம்பிக்குச் சுகமானதற்கு நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். இப்போது என் மகளுக்கு மெத்தை வாங்கப் போன இடத்தில் நானும் குனிந்து மோந்து பார்த்தேன். கடைப் பையன் சிரித்தான். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்து அதைச் சொல்லிச் சிரித்தேன். பேச்சு அந்த வெள்ளிக்கிழமைக்குப் போனது. நன்றி சொல்லத்தானே அவ்வளவு காலம் நடந்தீங்க என்று கேட்டேன்.

"நன்றியா?" என்றாள். "தணல அவிச்சேன்ல. என்னைய என்ன வேணும்னாலும் செய், அவன் மூச்சுல மட்டும் கைய வச்சிறாதனு கேட்டுக்கிட்டுத்தான் நடந்தேன்."

எட்டு வயதில் நான் அண்ணாந்து பார்த்தேனே, அந்த வீட்டில் அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகப் பயந்திருந்தவள் அவள்தான்.