தாழிட்டுக்கொண்ட வண்டி வீடு

எழுபதுகளில் ஒரு நாள், நெருப்பெரிச்சல் என்ற எங்கள் ஊரில் நாங்கள் பனியன் துணி காயப்போடும் காட்டோரம், சக்கரம் வைத்த வீடொன்றை இழுத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் கார் வந்து நின்றது. அவர்கள் இறங்கியதும் அந்த வண்டி வீட்டுக்குள் இருந்த அவர்களின் சின்ன மகள் விளையாட்டாகத் தாழிட்டுக்கொண்டாள். உச்சி வெயில். நாங்கள் கதவைத் தட்டத் தட்ட அழுகைதான் கூடியது. எனக்கோ, அந்த வீட்டுக்குள் என்னதான் இருக்கும் என்று ஒரே துடிப்பு.

"ஏனுங்க, தட்டாதீங்க. புள்ள மெரளுது" என்ற என் மனைவி, குழாயாகப் பின்னிய துணி ஒன்றின் வாயைக் காற்றுக்கு விரித்துப் பிடித்தாள். அது உப்பி, யானைத் துதிக்கைபோல எழுந்து ஆடியது. அழுகை நின்றது. ஜன்னல் கண்ணாடியில் ஒரு மூக்கு ஒட்டியது. தாழ் விலகியது. சிறுமி துணியைப் பார்க்க ஓடி வந்தாள்.

கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் நான் மடிக்கிற அதே துணியை, அன்று நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.