சிசிலியனுக்கு மாறினேன்

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களோடு தோற்றுத் தோற்று வெறுத்துப்போய், யாருக்கும் சொல்லாமல் சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்க நகர்த்தல்களைப் படித்தேன். கிளப் அணியில் மிஞ்சிய ஓர் இடத்துக்கான ஆட்டம் வெள்ளவத்தையில் நடந்தது. எதிரே எங்கள் பிளாட்டின் மேல்மாடிக்காரன். என் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் யோசிக்காமலே பதில் வைத்தான். பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"நீங்கள்தான் அண்ணை! காலமையில குளிக்கேக்க கத்திக் கத்திப் பாடமாக்கினீங்கள். யன்னலால எங்கட குசினிக்கே கேக்கும். என்ர மனிசிக்கும் இப்ப சிசிலியன் தெரியும்."

பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் கத்தித்தான் பாடமாக்கினோம். வேறு மாதிரிப் படிக்க எனக்குத் தெரியாது.

"குதிரையை மட்டும் பிழையாப் பாடமாக்கிப்போட்டீங்கள்" என்றான்.

நான் அதற்குள் குதிரையை அதே பிழையான கட்டத்தில் வைத்துவிட்டேன். அணியில் இப்போது அவன்தான் ஆடுகிறான்.