மஞ்சள் கட்டியைக் கர்த்தர் காட்டிய நாள்

போன வருடம் ஐப்பசி மாதம், கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவில் நான் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில், மெஷினுக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தேன். இரண்டு வாரமாக மலம் கறுப்பாகப் போனதை வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வாய் வழியாகக் கமெரா விட்டுப் பார்த்த டொக்டர், சிறுகுடல் தொடங்கும் இடத்தில் கட்டி இருக்கிறது என்றார். கேன்சராகவும் இருக்கலாம், கண்டியில் மறுபடியும் பார்க்கவேண்டும் என்றார்.

அந்தச் சொல் எனக்கு முன்பே ஹேவாஹெட்டவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டது. வீட்டில் ஒரே அழுகை. என் கணவரின் தங்கை செல்வி பைபிளோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஒளிச்சு வச்ச பாவம் இருந்தா சொல்லிடுங்க அண்ணி. இன்னொரு தரம் கமெரா எல்லாம் வேணாம். அது அவிசுவாசம்."

எனக்குக் கோபம் வந்தது. "பாவம் எனக்கும் இருக்கு, ஒனக்கும் இருக்கு. கட்டி என் வயித்துல மட்டுந்தான் இருக்கு. அத டொக்டர் பாக்கட்டும்."

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இதை எடுத்துவிடும் என்று கேட்கவில்லை. எனக்குள் இருப்பது என்ன என்று எனக்குக் காட்டும். தெரியாத ஒன்றுக்குப் பயந்து சாகமாட்டேன்." மூன்று நாள் இதையே சொன்னேன். கெஞ்சவில்லை, கேட்டேன்.

கண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கொழுப்பைப் போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல மறுபடியும் கமெரா விடவேண்டும் என்றார்கள். என் கண்ணாலேயே பார்க்கவேண்டும், மயக்க மருந்து வேண்டாம் என்றேன். தொண்டையை மட்டும் மரக்கச் செய்தார்கள்.

"திரையைப் பாருங்கம்மா," என்றார் டொக்டர்.

பார்த்தேன். வழவழப்பாக, மஞ்சளாக, காம்போடு தொங்கியது. உச்சியில் சிறு புண். இரத்தம் அங்கிருந்துதான் கசிந்திருக்கிறது. டொக்டர் சின்ன இடுக்கியால் அழுத்தினார். தலையணை போல அமுங்கி மெதுவாக எழும்பியது.

"வெறும் கொழுப்புக் கட்டிம்மா. இந்த இடத்துல வர்றது அபூர்வம். கேன்சர் மாதிரி தெரியல்ல."

குழாய் வாயில் இருந்ததால் ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அடுத்த வாரம் அதே குழாய் வழியாகக் கம்பி வளையம் போட்டு, வயிற்றைக் கிழிக்காமலே அறுத்தெடுத்தார்கள். பரிசோதனை அறிக்கையிலும் கேன்சர் இல்லை.

சிலர் கேட்கிறார்கள், முதலிலிருந்தே கொழுப்புத்தானே, இதில் ஜெபம் என்ன செய்தது என்று. நான் காட்டச் சொன்னேன், அவர் காட்டினார். என்னை அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் நடத்திக்கொண்டு போனதும் அவர்தான். யார் சிரித்தாலும் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டேன்.

இப்போது தொழிற்சாலையில் எங்கள் லைனில் எந்தப் பெண் நோயை மறைத்தாலும், லீவு போட்டு நானே கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். சகோதரிகளே, நீங்களும் அவரிடம் துணிந்து கேளுங்கள். ஜெபித்த கையோடு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துணைக்கு ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.