அந்தப் பதினொருவரில் இல்லாதவர்

உரும்பிராய்க் கதிரவேலு காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர். ஆலை நின்றபின் வெங்காயம் நட்டார். ஆனால் ஊர் அவரை அறிந்தது இந்த இரண்டாலும் அல்ல. தாம் படித்த கல்லூரியின் பெரிய கிரிக்கெட் போட்டிக்கு ஆண்டுதோறும் ஸ்கோர் எழுதுபவர் அவர்தான். எதிர்க் கல்லூரிக்கு எழுதுபவர் குருநகர் அருட்பிரகாசம். இருவருக்கும் ஒரே மேசை. ஓவர் முடிந்ததும் ஒருவர் கணக்கை வாசிப்பார், மற்றவர் தம்முடையதோடு ஒப்பிட்டு "சரி" என்பார். சரி என்றபின் அடுத்தவருடைய புத்தகத்தை எட்டிப் பார்ப்பது அவர்களுக்குள் மரியாதைக்கேடு.

கதிரவேலுவுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கிரிக்கெட்டில் பைத்தியம் பிடித்தது முதுமையில். "அமெரிக்கனுக்குக் கிரிக்கெட் தெரியுமோ?" என்று சிரிப்பவர்களுக்கு நிதானமாகச் சொல்வார். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஹவர்போர்ட் என்ற கல்லூரி. அங்குள்ள மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயத் தோட்டக்காரர் என்பார்கள். 1864இல் அவர்கள் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மாணவர்களை வென்றார்கள். நாடு முழுக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சற்று இறங்கும். பலாலிப் பக்கம் ஷெல் சத்தம் கேட்கக் கேட்க ஸ்கோர் எழுதியவர் அவர்.

இந்த ஆண்டுப் போட்டியின் சிறப்பு மலருக்கு அதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்தார். அச்சுப்படி வந்த வாரம் அவருக்குக் கண்புரை வெட்டியிருந்தது. வாசிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டதால் அருட்பிரகாசத்திடம் பார்க்கச் சொன்னார். இரண்டு நாளில் தொலைபேசி வந்தது. "எல்லாம் வாசிச்சன் காணும். சரி."

போட்டி நாள் காலையில் மைதானக் கூடாரத்தில்தான் மலர் அவர் கைக்கு வந்தது. கட்டுரையின் நடுவே அவர் எழுதாத ஒரு வரி இருந்தது. 1864இல் வென்ற அணியில் அமெரிக்க மிஷன் கப்பலில் போன யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவரும் ஆடினாராம். பெயரும் கொடுத்திருந்தார்கள். கட்டுரைத் தலைப்பின்கீழ் தடித்த எழுத்தில் இருந்தது கதிரவேலுவின் பெயர்.

"உது ஆர் எழுதினது?"

அருட்பிரகாசம் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். "ஒரு வரிதானே காணும். மலர்க்குழு போடச் சொன்னது."

"நீர் சரி எண்டனீர்."

"பின்னை? நியூஜேர்சியிலையிருந்து வந்த றஜிந்தன் தம்பி தங்கடை குடும்பக் கதையெண்டு சொல்லுறார். ரெண்டு கல்லூரிப் பெடியளையும் சேர்த்துப் பிலடெல்பியாவுக்கு விளையாடக் கூட்டிக்கொண்டு போறது அவர்தான். என்ரை பேரன் ஜெரிசனும் போறான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விடுவீரோ? ஒரு வைட் பந்துக்கு ஒரு கிழமை கதைக்கிற மனுசன் நீர். செத்த வெள்ளைக்காரர் எழும்பி வந்து கணக்குக் கேக்கப்போறாங்களோ?"

"பழைய ஸ்கோர்காட்டிலை பதினொரு பேரின்ரை பேரும் இருக்கு, அருள். அதிலை உந்தப் பேர் இல்லை."

அந்நேரம் றஜிந்தனே கூடாரத்துக்குள் வந்து கதிரவேலுவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "ஐயா, எங்கடை அப்பா சொன்னதை ஒருத்தரும் நம்பேல்லை. நீங்கள் பழைய ஸ்கோர்காட்டிலை அந்தப் பேரைக் கண்ணாலை கண்டனீங்களெண்டு அருட்பிரகாசம் ஐயா சொன்னபிறகுதான் எங்கடை ஆக்களே வாயை மூடினவை."

கதிரவேலு திரும்பிப் பார்த்தார். அருட்பிரகாசம் குனிந்து அணிகளின் பெயர்களை எழுதத் தொடங்கியிருந்தார்.

மலர்க்குழுவின் வேலையென்றால் பொறுத்திருக்கலாம். இது அருள் தன் வாயாலேயே சொன்ன பொய்.

"தம்பி, நான் காணேல்லை. அந்த அணியிலை உங்கடை ஆள் இல்லை. மன்னிக்கவேணும்."

றஜிந்தனின் கைகள் மெல்ல விலகின. முகத்தில் சிரிப்பு மட்டும் மிஞ்சியது. அவர் அடுத்த நாற்காலியைப் பார்த்தார். "என்ன ஐயா இது?"

அருட்பிரகாசம் தலை நிமிரவில்லை. "கண் வெட்டின நாளிலையிருந்து ஆள் கொஞ்சம் தடுமாற்றம் தம்பி. நீங்கள் போய் இருங்கோ, நான் கதைக்கிறன்."

நடுவர்கள் களத்துக்குள் இறங்கினார்கள். கதிரவேலு பேனைகளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்ற பொறுப்பாசிரியை தனுஷிகாவிடம் போனார். "பிள்ளை, வேறை ஒராளை மேசையிலை இருத்துங்கோ."

"ஏன் சேர், சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். அந்தாளுக்கு இனி நான் சரி சொல்லமாட்டன்."

அருட்பிரகாசம் மேசையிலிருந்து கூப்பிட்டார். "கதிர், பகிடி விடாதையும், வாரும்." கதிரவேலு திரும்பவில்லை.

ஐஸ்கிறீம் வான் நின்ற பக்கம் போய், மதிலோரம் சனத்துக்குள் நின்றார். ஆட்டம் தொடங்கியது. ஒரு நான்கு போனது. பிறகு ஒரு விக்கெட் விழுந்தது. சத்தத்தைக் கேட்டு, தாமதமாக வந்த ஒருவர் அவரை அடையாளம் கண்டு ஓடிவந்தார்.

"சேர், ஸ்கோர் எத்தினை?"

"தெரியாது தம்பி," என்றார் கதிரவேலு.